தேசிக விநாயகம் பிள்ளை

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை (ஜூலை 27, 1876 – செப்டம்பர் 26, 1954) நாஞ்சில் நாட்டில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்த தமிழ்க் கவிஞர், ஆசிரியர், கல்வெட்டு ஆய்வாளர் ஆவார். மலரும் மாலையும், ஆசிய ஜோதி, மருமக்கள்வழி மான்மியம், உமர்கய்யாம் பாடல்கள் ஆகியவை இவருடைய நூல்களுள் புகழ் பெற்றவை. தமிழ்நாட்டில் பள்ளிக்குச் சென்றவர்களுள் பலர், இவருடைய பெயரை அறியும் முன்பே இவர் எழுதிய பசுவையோ கிளியையோ பாடியிருப்பர். தமிழில் குழந்தைகளுக்கென்றே பாடல் எழுதும் வழக்கத்தை நிலைநிறுத்தியவர்களுள் இவர் ஒருவர். குழந்தைகளின் விளையாட்டு உலகம், ஆணுக்கும் பெண்ணுக்கும் சமூகம் ஒதுக்கும் இடம் ஆகிய இரண்டையும் தம் எழுத்தில் தொட்டவர் என்ற வகையிலும் இவருடைய வாழ்க்கை கவனத்திற்குரியது.

பிறப்பும் இளமையும்

அகத்தீசுவரம் வட்டத்தில், சுசீந்திரத்தை அடுத்துள்ள தேரூர் என்னும் சிற்றூரில் தேசிக விநாயகம் பிள்ளை பிறந்தார். தந்தை சிவதாணுப் பிள்ளை, தாய் ஆதிலட்சுமி. இவருக்கு மூத்தவர்களாக இரு பெண்கள் இருந்தனர். ஒன்பதாம் வயதில் இவர் தந்தையை இழந்தார்.

தேரூர் நெல்வயலும் குளமும் சூழ்ந்த ஊர். தேரூர்க் குளமும் சுசீந்திரம் குளமும் நீர்ப்பறவைகள் பெருமளவில் வந்து தங்கும் இடங்கள். இவ்விரண்டும் சேர்ந்த ஈரநிலப் பகுதி 2022 ஆம் ஆண்டில் பன்னாட்டு ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. பறவையும் கன்றும் இவருடைய பாடல்களில் ஏன் இவ்வளவு இயல்பாக வந்து நிற்கின்றன என்பதற்கு ஊரின் நில அமைப்பே பாதி விடை எனலாம்.

அக்காலத்தில் நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தது. ஆகவே பள்ளியில் இவர் முதலில் படித்தது மலையாளம். தமிழை வாணன்திட்டிலிருந்த திருவாவடுதுறை மடத்தின் தலைவர் சாந்தலிங்கத் தம்பிரானிடம் கற்றார். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், மடத்தில் இலக்கணமும் இலக்கியமும், பின்னர் ஆங்கிலம் என்ற இந்தக் கலவை இவருடைய சொல்லாட்சியில் பிற்காலத்திலும் தெரிகிறது. கிளியைத் தத்தம்மா என்று இவர் அழைப்பதைக் காணும் வடதமிழ்நாட்டு மாணவர்கள் சற்றுத் தயங்குவர். நாஞ்சில் நாட்டிலும் மலையாளத்திலும் அது வீட்டுச் சொல்.

தொடக்கத்தில் இவர் எழுதியவை மரபு வழிப்பட்ட பக்திச் செய்யுள்கள். அழகம்மை ஆசிரிய விருத்தம் அவ்வகையைச் சேர்ந்தது.

ஆசிரியப் பணி

கோட்டாற்றுப் பள்ளியிலும், நாகர்கோவிலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த போதனாமுறைப் பாடசாலையிலும், திருவனந்தபுரத்தில் பெண்கள் கல்லூரியிலும் இவர் பணிபுரிந்தார். ஆசிரியராக இவர் கழித்த காலம் 36 ஆண்டுகள். 1931 இல் ஓய்வு பெற்றார்.

இப்பணியிடங்களின் தன்மை இவருடைய எழுத்தைப் புரிந்துகொள்ள முக்கியமானது. ஆசிரியராகப் போகின்றவர்களுக்குக் கற்பிப்பவர், ஒரு வகுப்பை அல்ல, இனி வரும் பல வகுப்புகளை மனத்தில் வைத்துப் பேச வேண்டும். பெண்களுக்குக் கற்பிப்பவர், பெண் எதற்காகப் படிக்கிறாள் என்ற கேள்வியை நாள்தோறும் எதிர்கொள்ள வேண்டும். நாகர்கோவிலில் இக்கேள்வி புதிதன்று. இலண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இங்குப் பெண்களுக்கு விடுதிப் பள்ளி நடத்தினார். அங்கே எழுத்தோடு லேஸ் பின்னலும் கற்பிக்கப்பட்டது. பெண் கையில் புத்தகம் வந்தபோதும் ஊசியும் நூலும் உடன் வந்தன. அதே பின்னல் வேலை பல பெண்களுக்குச் சொந்த வருமானத்தையும் தந்தது என்பதால் இதை ஒருபுறமாக மட்டும் பார்க்க இயலாது.

1901 ஆம் ஆண்டில் தேசிக விநாயகம் பிள்ளை உமையம்மையை மணந்தார். மனைவியைத் தாயி என்று மரியாதையுடன் அழைப்பது இவர் வழக்கம். இவர்களுக்குக் குழந்தைப்பேறு இல்லை. தம் அக்காள் மகன் சிவதாணுவை இவர் மகனாகவே வளர்த்தார். ஓய்வுக்குப் பின் நாகர்கோவிலை அடுத்த புத்தேரியில் வாழ்ந்தார்.

மருமக்கள்வழியும் முற்றத்துப் பிள்ளைகளும்

நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள்வழி என்னும் வாரிசு முறை வழக்கில் இருந்தது. ஒருவருடைய குடும்பச் சொத்து அவர் பிள்ளைகளுக்குச் செல்லாமல் அவருடைய சகோதரியின் பிள்ளைகளுக்குச் செல்லும். குடும்பத்தை நிருவகிக்கும் மூத்த ஆண் காரணவர் எனப்பட்டார்.

பெண்வழியாகச் சொத்து இறங்கியது என்பதால் பெண்கள் இம்முறையில் வலிமையோடு இருந்தனர் என்று எண்ணத் தோன்றும். நடைமுறை வேறாக இருந்தது. மலையாள நாட்டு நாயர் குடும்பங்களில் பெண் தன் தாய்வீட்டிலேயே வாழ்ந்தாள். அவள் பிள்ளைகள் தமக்கு உரிமையுள்ள வீட்டிலேயே வளர்ந்தனர். நாஞ்சில் நாட்டு வேளாளர் பெண்ணோ மணமானதும் கணவன் வீட்டுக்குச் சென்றாள். அங்கே அவளுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் முழு உரிமை இல்லை. பிள்ளைகளுக்கு உகந்துடைமை, கைம்பெண்ணுக்கு நங்குடைமை என்ற சில வரம்புக்குட்பட்ட பங்குகளே உண்டு. கணவன் இறந்தால் அந்த வீடு அவனுடைய மருமக்களுடையது. அதாவது, ஒரு சிறுவனோ சிறுமியோ நாள்தோறும் ஓடி விளையாடிய முற்றம் அத்தை பிள்ளைகளுக்கு உரியதாக இருந்தது. சொத்தின் அதிகாரம் காரணவரிடம். சொத்தின் பெயர் பெண்வழி. இடையில் நின்று துன்புற்றவர்கள் மனைவியும் குழந்தைகளும்.

இந்த நிலையை எள்ளி நகையாடும் மருமக்கள்வழி மான்மியம் 1917–18 ஆம் ஆண்டுகளில் தமிழன் இதழில் தொடராக வெளிவந்தது. நூலாக வந்தது 1942 இல். காரணவர் ஒருவருடைய ஐந்தாம் மனைவி தன் கதையைத் தானே சொல்வதாக நூல் அமைந்துள்ளது. பெரிய காவியங்களைப் போலப் படலம் படலமாகப் பிரிக்கப்பட்டிருந்தாலும் படலங்களின் பெயர்களே சிரிப்பை வரவழைப்பவை. மாமியார் அரசியற் படலம் என்று ஒன்று; கோடேறிக் குடிமுடித்த படலம் என்று மற்றொன்று. கோடு என்பது அப்பகுதியில் நீதிமன்றத்தைக் குறிக்கும். வழக்காடியே குடும்பங்கள் அழிந்ததை அத்தலைப்பு ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது.

இந்நூலின் சிறப்பு, சட்டத்தின் குறையை ஒரு பெண்ணின் குரலில் சொன்னதுதான். சமையலறையில் நடக்கும் பூசல், சக்களத்திகளின் சண்டை, மாமியாரின் அதிகாரம், பசித்த பிள்ளைகள் என்று வீட்டுக்குள்ளிருந்தே அவள் பேசுகிறாள். இம்முறைக்கு எதிரான கருத்து வலுப்பெற இந்நூல் உதவியது என்பது பொதுவான மதிப்பீடு. 1926 ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசு இயற்றிய நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வாரிசு முறையை மாற்றிப் பிள்ளைகளுக்கு உரிமை வழங்கியது. எனினும், பலதார மணத்தையும் சக்களத்திச் சண்டையையும் நகைச்சுவையாக்கும் இடங்களில் சிரிப்பின் சுமை பெரும்பாலும் பெண்கள் மீதே விழுகிறது என்பதையும் இன்று படிப்பவர் கவனிக்காமல் இருக்க முடியாது.

பழந்தமிழில் விளையாட்டுப் பொருள்கள்

இவருடைய குழந்தைப் பாடல்களின் புதுமையை அறிய, அவற்றுக்கு முன் தமிழில் குழந்தை எவ்வாறு பாடப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும்.

சங்க இலக்கியத்திலேயே ஆண் குழந்தைக்கு ஒரு பொருள், பெண் குழந்தைக்கு ஒரு பொருள் என்ற பிரிவு உண்டு. பட்டினப்பாலையில் சிறுவர்கள் குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டுகின்றனர். அதே காட்சியில் பெண்கள் காயும் தானியத்தைக் காவல் காக்கின்றனர். தானியத்தைக் கொத்த வந்த கோழியை விரட்ட ஒருத்தி எறிந்த காதணி, சிறுதேரின் வழியை மறிக்கிறது. செல்வச் செழிப்பைக் காட்டவே புலவர் இதை எழுதினார். ஆனால் யாருக்குத் தேர், யாருக்குத் தானியம் என்பதும் அதில் பதிவாகிவிட்டது. அகப்பாடல்களில் சிறுமியர் கடற்கரை மணலில் வண்டற்பாவை செய்து விளையாடுகின்றனர். சிற்றில் கட்டிச் சிறுசோறு சமைக்கின்றனர்.

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் இப்பிரிவை இலக்கணமாகவே ஆக்கியது. பத்துப் பருவங்களுள் காப்பு முதல் அம்புலி வரை ஏழு பருவங்கள் இருபாலார்க்கும் பொது. தவழ்தல், கைகொட்டுதல், முத்தம் தருதல், நிலவை அழைத்தல் ஆகியவற்றில் வேற்றுமை இல்லை. கடைசி மூன்றில்தான் பாதை பிரிகிறது. ஆண்பாலுக்குச் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல். பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல் ஆகியவை வரும். சில நூல்களில் கழங்கும் இடம் பெறும். சிற்றில் பருவத்தில் சிறுமியர் தாம் கட்டிய மணல்வீட்டை உதைத்து அழிக்க வேண்டாம் என்று ஆண் குழந்தையிடம் இறைஞ்சுகின்றனர். கட்டுவது பெண், கலைப்பது ஆண், கலைப்பதும் ரசிக்கத்தக்கது என்ற பாடம் செய்யுள் அழகோடு சொல்லப்பட்டது. நடக்கத் தொடங்கும் வயதுவரை குழந்தை குழந்தையாகவே இருக்கிறது. கையில் விளையாட்டுப் பொருள் வந்த பிறகே ஆணாகவும் பெண்ணாகவும் பிரிகிறது என்பதை இம்மரபு தன்னையறியாமல் ஒப்புக்கொள்கிறது.

நாஞ்சில் நாட்டு முற்றங்களிலும் ஏறத்தாழ இதே பிரிவு இருந்தது. பனங்காயின் நுங்கெடுத்த கூடுகளைக் குச்சியில் கோத்துக் கவைக்கொம்பால் தள்ளிச் செல்லும் நுங்கு வண்டி பையன்களுடையது. சிரட்டையில் மண்ணைக் கொட்டிச் சோறாக்கிப் பரிமாறுவது, தட்டாங்கல், பல்லாங்குழி ஆகியவை பெண் குழந்தைகளுடையவை. ஓலைக் காற்றாடியும் பூவரச இலையில் சுருட்டிய பீப்பியும் இருவருக்கும் பொது. வண்டி ஓட்டுபவன் தெரு முனை வரை போகிறான்; சோறாக்குபவள் முற்றத்திலேயே இருக்கிறாள். எவ்வளவு தூரம் போகலாம் என்பதைக் குழந்தை விளையாட்டுப் பொருளிடமிருந்தே கற்றுக்கொள்கிறது.

இதற்கு மேற்குலகச் சான்றும் உண்டு. 1975 ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் சிலர் மஞ்சள் உடை அணிந்த மூன்று மாதக் குழந்தை ஒன்றைப் பெரியவர்களிடம் விட்டு, சிலரிடம் ஆண் என்றும் சிலரிடம் பெண் என்றும் கூறினர். அருகில் பந்து, பொம்மை, கடிவளையம் ஆகியவை வைக்கப்பட்டிருந்தன. பெண் என்று கேட்டவர்கள் பொம்மையை அதிகமாக எடுத்துக் கொடுத்தனர். குழந்தையின் விருப்பம் தெரிவதற்கு முன்பே பெரியவர்களின் கை முடிவு செய்துவிடுகிறது.

குழந்தைப் பாடல்கள்

1938 இல் வெளிவந்த மலரும் மாலையும் தொகுப்பில் இயற்கை, சமூகம், தேசியம், வாழ்த்து, கையறுநிலை முதலிய வகைப் பாடல்களோடு குழந்தைப் பாடல்களும் இடம் பெற்றன. குழந்தைச் செல்வம் என்ற தனி நூலும் உண்டு.

பிள்ளைத்தமிழ் பெரியவர்கள் குழந்தையைப் பற்றிப் பாடியது. அக்குழந்தையும் பெரும்பாலும் முருகனாகவோ மீனாட்சியாகவோ ஓர் அரசனாகவோ இருக்கும். தேசிக விநாயகம் பிள்ளையின் பாடல்களைக் குழந்தையே பாடுகிறது. பாடப்படுவது தோட்டத்தில் மேயும் வெள்ளைப் பசு, அதனிடம் துள்ளி ஓடும் கன்று, கோழி, காக்கை, கிளி ஆகியவை. மொழி நடையும் மாறிவிட்டது. பண்டிதர் உரை தேவைப்படாத, இரண்டு மூன்று சொற்களில் ஓடும் அடிகள் இவை. எதுகையும் மோனையும் குழந்தைக்குக் கைதட்டும் இடங்களாகப் பயன்படுகின்றன. மரபிலக்கணத்தை முறையாகக் கற்றவர் அதைக் குழந்தையின் நாவுக்கு ஏற்ற அளவில் சுருக்கியிருப்பது எளிய செயலன்று. இவருடைய பாடல்களைப் பார்த்து எழுதிய பலர் எளிமையை மட்டும் பிடித்துக்கொண்டு ஓசையை விட்டுவிட்டனர்.

இப்பாடல்களில் விளையாட்டுப் பொருள் வாங்கப்படுவதில்லை. உயிருள்ளவையே விளையாட்டுத் தோழர்கள். கிளியை அழைக்கும் பாடலில் குழந்தை அதற்குப் பாலும் சோறும் தருவதாகச் சொல்கிறது. கொச்சி மஞ்சள் பூசுவதாகச் சொல்கிறது. கொஞ்சி விளையாட வரச் சொல்கிறது. ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் பேணுவதும் மரபில் பெண் குழந்தையின் பொம்மை விளையாட்டு. அது இங்கே பாடும் எவருக்கும் உரியதாகிவிடுகிறது. வகுப்பறையில் பையன்களும் சேர்ந்தே கிளிக்குச் சோறூட்டுகின்றனர்.

இதற்குத் தமிழ் இலக்கணமும் துணை செய்கிறது. தமிழில் படர்க்கை வினையே ஆண், பெண் எனப் பிரியும். தன்மையிலும் முன்னிலையிலும் அப்பிரிவு இல்லை. வா, பார் போன்ற ஏவல் சொற்களுக்கும் பால் இல்லை. இவருடைய விலங்கு, பறவைப் பாடல்கள் பெரும்பாலும் அழைப்பாகவோ சுட்டிக் காட்டுவதாகவோ அமைந்தவை. அழைப்பவர் சிறுவனா சிறுமியா என்பது பாடலுக்குத் தேவைப்படுவதில்லை. அழைக்கப்படும் உயிரோ அஃறிணை. ஆகவே முழுப் பாடலிலும் ஆண்–பெண் பிரிவு நுழைய இடமே இல்லாமல் போகிறது. இது திட்டமிட்டுச் செய்யப்பட்டதா என்று கேட்க வேண்டியதில்லை; விளைவு அதுதான்.

எல்லாப் பாடல்களும் இவ்வாறு அமைந்தவை அல்ல. பாட்டி வீட்டுப் பழம்பானையின் ஓட்டை வழியே நுழைந்து, நெல்லைத் தின்று கொழுத்த சுண்டெலியின் கதை இவருடைய கதைப் பாடல்களுள் புகழ் பெற்றது. வந்த வழியே திரும்ப முடியாதபடி எலி பருத்துவிடுகிறது. அப்பாடல் அடா என்று முடியும் அடிகளால் ஆனது. கேட்பவன் பையன் என்ற எண்ணம் ஓசையிலேயே இருக்கிறது. சிறுமியர் அதைப் பாடும்போது யாரும் மாற்றிப் பாடியதில்லை. ஓசை இன்பத்தின் முன் அந்த வேற்றுமை மறைந்துவிடுகிறது போலும்.

சைக்கிளைப் பற்றியும் இவர் ஒரு பாடல் எழுதினார். அதில் வண்டியைப் பார்க்க வருமாறு அழைக்கப்படுவது தங்கை. பெண்கள் சைக்கிள் ஓட்டுவது மிக அரிதாக இருந்த காலத்தில் எழுதப்பட்டது அது. தமிழ்நாட்டுக் கிராமப் பெண்கள் பெருந்திரளாகச் சைக்கிள் கற்றுக்கொண்டது 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தின் போதுதான். பாட்டில் தங்கை வண்டியைக் கண்டதற்கும் தெருவில் அவள் அதன் மேல் ஏறியதற்கும் இடையில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தது.

குழந்தையின் வளர்ச்சிக்கு விளையாட்டே வழி என்ற கருத்து இக்காலத்தில் உலகெங்கும் பரவி வந்தது. செருமனியில் பிரெடரிக் புரோபல் 1837 இல் தொடங்கிய முயற்சி கிண்டர்கார்டன் எனப் பெயர் பெற்றது. பந்தும் மரக்கட்டைகளும் பாட்டும் அதன் பாடப் பொருள்கள். இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி 1907 இல் ரோம் நகரின் ஏழைப் பகுதியில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். தரையைக் கூட்டுதல், பொத்தான் மாட்டுதல், பாத்திரம் கழுவுதல் ஆகியவற்றை அவருடைய பள்ளியில் ஆண் குழந்தைகளும் செய்தனர். மலரும் மாலையும் வெளிவந்த அடுத்த ஆண்டு, 1939 இல், மாண்டிசோரி சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். கருவிகளைக் கொண்டு அவர் செய்ததை, கருவி வாங்க வசதியில்லாத நாட்டுப்புறப் பள்ளிகளில் ஓரளவேனும் செய்தவை பாடல்களே. ஒரு பாட்டுக்குச் செலவு இல்லை, உடைந்து போவதுமில்லை.

பின்னர் குழந்தைப் பாடல் தனித் துறையாக வளர்ந்தது. அழ. வள்ளியப்பாவின் மலரும் உள்ளம் 1944 இல் வெளிவந்தது. குழந்தை எழுத்தாளர் சங்கம் 1950 இல் தோன்றியது.

மகளிர் குறித்த பாடல்

பெண்களைப் பற்றி இவர் எழுதிய பாடலின் தொடக்க அடி, பெண்ணாகப் பிறப்பதற்கே தவம் செய்திருக்க வேண்டும் என்ற பொருளுடையது. மேடைகளிலும் மகளிர் நாள் வாழ்த்துகளிலும் அது இன்றும் ஓயாமல் எடுத்தாளப்படுகிறது. பெண் பிறந்தால் முகம் சுளிக்கும் சமூகத்தில் அவ்வாறு சொன்னது பெரிய செய்தியே. பெண் கல்லூரி ஆசிரியர் ஒருவர் அதைச் சொன்னார் என்பது மேலும் பொருளுடையது.

ஆனால் பாடல் பெண்ணைப் போற்றும் காரணங்கள் யாவை என்று பார்த்தால், அவள் கையால் வளரும் அறம், அவள் செய்யும் தொண்டு, தாய்மை என்றே செல்கின்றன. பெண் உயர்ந்தவள், ஏனெனில் பிறருக்காக வாழ்கிறாள் என்பதே அதன் தருக்கம். தனக்கென அவள் என்ன விரும்பினாள் என்ற கேள்வி அங்கு எழவில்லை. குழந்தைப் பாடலில் கிளிக்குச் சோறூட்டும் வேலையை இருபாலார்க்கும் பொதுவாக்கிய கவிஞர், வளர்ந்தவர்களுக்கான பாடலில் ஊட்டும் கையைப் பெண்ணின் கையாகவே வைத்துக்கொண்டார். அவர் காலத்துச் சீர்திருத்தவாதிகளுள் பெரும்பாலோரிடம் இதே எல்லையைக் காணலாம். மருமக்கள்வழி மான்மியத்தில் ஐந்தாம் மனைவிக்குத் தன் துயரைத் தானே சொல்ல இடம் கொடுத்த துணிவு, இருபது ஆண்டுகளுக்குப் பின் வந்த தொகுப்பின் இப்பாடலைவிட ஒருபடி மேலானது என்று கருத இடமுண்டு.

சாதிக் கொடுமையைக் குறித்து இவர் எழுதிய தீண்டாதார் விண்ணப்பமும் குறிப்பிடத்தக்கது. திருவிதாங்கூரில் ஆலய நுழைவுப் பிரகடனம் 1936 நவம்பரில் வெளியானது.

ஆய்வும் மொழிபெயர்ப்பும்

கல்வெட்டு ஆய்வில் இவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது. காந்தளூர்ச்சாலை குறித்து இவர் எழுதிய ஆய்வு வரலாற்றாளர்களால் மதிக்கப்பட்டது. 1922 இல் மனோன்மணீயம் பற்றி ஒரு திறனாய்வு எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதிப் பணியிலும் உதவினார். உரைநடைக் கட்டுரைகள் கவிமணியின் உரைமணிகள் என்ற பெயரில் நூலாயின.

எட்வின் ஆர்னால்டின் ஆங்கில நூலைத் தழுவி எழுதிய ஆசிய ஜோதி 1941 இல் வெளிவந்தது. புத்தருக்குப் பால் தரத் தயங்கும் ஏழைச் சிறுவன், இறந்த மகனை ஏந்தி வரும் தாய் ஆகியோரின் நிகழ்ச்சிகள் தனித்தனியே பாடநூல்களில் இடம் பெற்று, நூலை அறியாத மாணவர்களையும் சென்றடைந்தன. பிட்ஜெரால்டு ஆங்கிலத்தில் தந்த உமர்கய்யாம் பாடல்களையும் தமிழாக்கினார். மொழிபெயர்ப்பு என்று சொன்னாலன்றித் தெரியாத நடை அது.

இறுதிக் காலமும் நினைவும்

1940 டிசம்பர் 24 அன்று சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் நடந்த விழாவில் இவருக்குக் கவிமணி என்ற பட்டம் வழங்கப்பட்டது. தமிழவேள் உமாமகேசுவரம் பிள்ளை தலைமை தாங்கினார். அதன் பின் இயற்பெயரைவிடப் பட்டமே மக்களிடம் நிலைத்தது. 1943 இல் அண்ணாமலை அரசர் ஆத்தங்குடியில் பொன்னாடை போர்த்திச் சிறப்பித்தார். இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் இவருடைய பாடல்களைப் பலரிடமும் எடுத்துச் சொல்லிப் பரப்பியவர்களுள் ஒருவர்.

1954 செப்டம்பர் 26 அன்று கவிமணி காலமானார். அப்போது நாஞ்சில் நாடு திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தது. இரண்டாண்டுகள் கழித்து, 1956 நவம்பர் 1 அன்று, கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. மலையாளப் பள்ளியில் எழுத்தறிந்த சிறுவனின் ஊரில், அதன்பின் தமிழ்ப் பாடநூல்கள் வந்தன. அவற்றில் அவருடைய பசுவும் கன்றும் இருந்தன.

தேரூரில் இவருக்கு நினைவு நிலையம் உள்ளது. இந்திய அஞ்சல் துறை 2005 அக்டோபரில் இவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது.